தெளிந்த நீரும் தூய நீரும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதில் போல நிமிர்ந்து நிற்கின்றது. அம்மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடபால், வத்திராயிருப்பை அடுத்துக் கூமாப்பட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஊர் அது. மலைமேற் பெய்யும் மழைநீர் பாறைகளினிடையே சிற்றருவிகளாக இழிந்து, பெரியாறு, கோவிலாறு என்னும் ஓடைகளாகத் திரண்டு வருகின்றது. அவற்றின் குறுக்கே பிளவக்கல் என்னுமிடத்தில் அணைகள் இரண்டு கட்டப்பெற்றுள்ளன. அணைநீர் கால்வாய் வழியே சென்று கண்மாய்களை நிரப்புகின்றது. கண்மாய் நிரம்பினால் வயல் விளைகின்றது. கிணறுகளிலும் நீர் ஊறுகின்றது.

2025-ஆம் ஆண்டின் நடுவில் இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் பரவியது. ஊரின் நீர்வளத்தைப் புகழ்ந்து எடுக்கப்பெற்ற காணொளிகள் கைப்பேசி வாயிலாக எண்ணற்றோர் கண்ணிற் பட்டன. மலை மூலிகைகளின் சாரம் கலந்த நீர் என்னும் பேச்சும் உடன் பரவியது. வெளியூர் மக்கள் பலர் ஊர்தியேறி வந்தனர். அணையில் இறங்கிக் குளிக்க இசைவு இல்லை என்பதை அதிகாரிகள் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

பிறந்த ஊரின் நீரைப் புகழ்தல் தமிழர்க்குப் பழைய வழக்கமே. ஆயினும், நீரைப் புகழ்தல் வேறு. நீரை அறிதல் வேறு. கண்ணுக்குத் தெளிவாகவும் நாவுக்கு இனிமையாகவும் உள்ள நீரெல்லாம் பருகத் தக்க நீர் ஆகிவிடுமா? மலையினின்று புறப்பட்ட நீர் வீட்டுக் குடத்தை அடையும்வரை தன் தூய்மையை இழவாமல் இருக்கின்றதா? இவ்வினாக்கள் கூமாப்பட்டிக்கு மட்டும் உரியன அல்ல. நீர்வளம் மிக்க ஊர்க்கும் நீர் வறண்ட ஊர்க்கும் இவை பொதுவானவை. இவற்றுக்கு விடை காணாத இல்லங்களில் முதலில் நோயுறுபவர் பச்சிளங் குழந்தைகளே.

நீர் வரும் வழி

வானினின்று விழும் மழைத்துளி பெரும்பாலும் தூய்மையானது. மண்ணைத் தொட்ட பின்னரே அது பலவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. காட்டு விலங்கின் கழிவும் உதிர்ந்து மக்கிய இலையும் மலையிலேயே அதனோடு கலக்கின்றன. வயல்வழி வரும்போது உரமும் பூச்சிமருந்தும் சேர்கின்றன. கண்மாயில் மாடு குளிப்பாட்டுவோரும் துணி வெளுப்போரும் உளர். கரையோரத்தைக் கழிப்பிடமாக்கும் தீய வழக்கம் இன்னும் சில இடங்களில் ஒழிந்தபாடில்லை.

மண் ஒரு சிறந்த வடிகட்டியே. மணலும் களியும் அடுக்கடுக்காய் அமைந்த நிலத்தின் ஊடே மெல்ல இறங்கும் நீர், கிருமிகளிற் பலவற்றை மேலேயே விட்டுவிடுகின்றது. ஆதலால் ஆழமான கிணற்று நீர் பொதுவாகக் குளத்து நீரினும் நன்று. எனினும், கிணற்றருகே கழிவுக்குழி இருந்தால் அந்நன்மை அழிகின்றது. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே 50 அடியேனும் தொலைவு வேண்டும் என்பது நலவாழ்வு நூலார் கொள்கை. கிணற்றுக்கு உயர்ந்த கைப்பிடிச் சுவரும், சிந்திய நீர் மீண்டும் உள்ளே புகாதவாறு புறஞ்சரிந்த தளமும், மேலே மூடியும் வேண்டும்.

பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் ஊருணி என்னும் நீர்நிலை உண்டு. ஊரார் உண்ணும் நீரை உடையது ஆதலின் ஊருணி எனப் பெயர் பெற்றது. குளிக்கும் குளம் வேறு, கால்நடைக்குரிய குட்டை வேறு, உண்ணும் நீருக்குரிய ஊருணி வேறு என முன்னோர் பிரித்து வைத்தனர். ஊருணியில் கால் நனைத்தலும் வாய் கொப்பளித்தலும் பல ஊர்களில் விலக்கப்பட்டிருந்தன. நுண்ணோக்கி என்னும் கருவியை அவர்கள் கண்டதில்லை. ஆயினும், உண்ணும் நீரைப் பிற நீரினின்று பிரித்துக் காத்தல் வேண்டும் என்னும் அடிப்படை உண்மையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இக்காலத்தில் ஊருணியின் இடத்தை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் தெருக்குழாயும் பெற்றுள்ளன. ஆழ்துளைக் கிணற்று நீரோ ஆற்று நீரோ தொட்டிக்கு ஏற்றப்பட்டு, மண்ணடியிற் புதைந்த குழாய் வழியே வீடுகளை அடைகின்றது. குழாயில் நீர் வந்துவிட்டால் கவலை ஒழிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். குழாயில் நாள் முழுதும் நீர் ஓடுவதில்லை. நீர் நின்ற நேரத்தில் குழாயின் உள்ளே அழுத்தம் குறைகின்றது. அப்போது குழாயில் வெடிப்பு இருந்தால், வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் நீர் திறந்துவிடும்போது முதலில் வருவது அந்நீரே. சாக்கடையை ஒட்டிக் குழாய் செல்லும் தெருக்களில் இவ்விடர் மிகுதி.

கண் காணாத பகை

கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தமிழர் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினர். அதனைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்துவிட்டு நீரை ஊற்றினால், நீரில் மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று கூடி அடியிற் படிந்துவிடும். மேலே நிற்கும் நீர் பளிங்கு போலத் தோன்றும். இன்று பெரிய நீரேற்று நிலையங்களில் படிகாரத்தைக் கலந்து நீரைத் தெளிவிப்பதும் இம்முறையை ஒத்ததே. ஆனால் அந்நிலையங்களில் தெளிவித்தல் தொடக்க வேலையே. அதன்பின் மணலில் வடித்தலும் கிருமிகளைக் கொல்லுதலும் தொடர்கின்றன. மண் படிந்தபோது கிருமிகளிற் சில உடன் படியலாம், எல்லாம் படிவதில்லை. நீர் தெளிந்துவிட்டது என்பது, அது தூய்மையாகிவிட்டது என்பதற்குச் சான்று அன்று.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் அந்நகரின் சோகோ என்னும் பகுதியில் காலரா என்னும் வாந்திபேதி நோய் தோன்றியது. பத்து நாள்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய் தீய காற்றினால் பரவுகின்றது என்பதே அக்காலத்து மருத்துவர் பலரின் கருத்து. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் நீரே காரணமாகலாம் என்று ஐயுற்றார். அவர் வீடு வீடாகச் சென்று வினவினார்; இறந்தோர் வாழ்ந்த இடங்களை நிலப்படத்திற் குறித்தார். அவை பிராடு தெருவிலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றி நெருங்கியிருந்தன.

அப்பம்பு நீர் சுவை மிக்கது என்று பெயர் பெற்றிருந்தது. அப்பகுதியினின்று நெடுந்தொலைவு குடிபெயர்ந்து சென்ற மூதாட்டி ஒருவர், அந்நீரின் சுவையை மறக்கலாற்றாமல் நாள்தோறும் வண்டியில் வருவித்துப் பருகினார். அவரும் அந்நோயால் இறந்தார். அவர் வாழ்ந்த பகுதியிலோ நோயே இல்லை. அதே பிராடு தெருவில் இருந்த மதுவடிக்கும் சாலையில் வேலை செய்தோர் அப்பம்பு நீரைப் பருகுவதில்லை, அவர்கள் பிழைத்தனர். இச்சான்றுகளை ஸ்நோ ஊர்க்குழுவினரிடம் எடுத்துரைக்க, செப்டம்பர் 8-ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, கிணற்றுக்கு மூன்றடித் தொலைவில் ஒரு வீட்டின் கழிவுத்தொட்டி இடிந்து கசிந்துகொண்டிருந்தமை தெரிந்தது. அவ்வீட்டில் நோயுற்றிருந்த கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் அத்தொட்டியிற் கொட்டப்பட்டிருந்தது. ஒரு வீட்டின் கழிவு ஒரு தெருவையே அழித்தது.

காலராக் கிருமியை இன்னதென்று ஐயமற நிறுவியவர் செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக் ஆவார். அவர் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தங்கி ஆராய்ந்தபோது, நோயுற்றோர் வாழ்ந்த பகுதியின் குளத்து நீரிலும் அக்கிருமியைக் கண்டார். அக்கிருமி உமிழும் நச்சுப்பொருளே உடல்நீரை வெளியேற்றி உயிரைப் போக்குகின்றது என்பதை 1959-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே ஆராய்ந்து காட்டியவர் சம்புநாத் தே என்னும் இந்திய அறிஞர். கிருமி உடலுள் புகும் வாயில் வாயே. அதனைச் சுமந்து செல்வதில் நீர் முதலிடம் பெறுகின்றது. குடற்காய்ச்சலும் மஞ்சட்காமாலையின் சில வகைகளும் சீதபேதியும் இவ்வழியே வருகின்றன.

கரைந்த பொருள்கள்

கிருமிகளையன்றி, நீரிற் கரைந்துள்ள பொருள்களாலும் தீங்கு விளைவதுண்டு. பாறையில் உள்ள உப்புகள் நிலத்தடி நீரிற் கரைகின்றன. அவற்றுட் சில சிறிதளவில் நன்மை செய்யும். மிகுந்தால் தீமை பயக்கும். புளோரைடு என்னும் பொருள் அத்தகையது. அது மிகுந்த நீரைப் பல்லாண்டு பருகும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகின்றது. நாளடைவில் எலும்புகள் விறைத்து வளைகின்றன. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் இருந்ததனை 1937-ஆம் ஆண்டில் ஷார்ட் என்பவரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து வெளியிட்டனர். தமிழகத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டத்து மக்கள் இக்குறையால் நெடுநாள் வருந்தினர். அவர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு சேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்றது.

இங்குக் கருதத் தக்கது ஒன்று உண்டு. புளோரைடு மிகுந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். நாவுக்கும் வேறுபாடு தோன்றாது. காய்ச்சினாலும் அது நீங்காது. காய்ச்சும்போது நீர் ஆவியாய்க் குறைதலின், எஞ்சிய நீரில் அதன் செறிவு சிறிது கூடும். வயலுரத்தினின்று சேரும் நைட்ரேட்டும் இத்தன்மையதே. நைட்ரேட்டு மிகுந்த நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தையின் குருதி, உயிர்க்காற்றை ஏந்தும் ஆற்றலை இழந்து, உடல் நீலநிறம் அடையும். ஆதலால் காய்ச்சுதல் கிருமிக்கு மருந்தே அன்றி, எல்லாக் குறைக்கும் மருந்து அன்று. எந்நீரில் எக்குறை உள்ளது என்பதை ஆய்வுச்சாலையே கூற வல்லது.

குடிநீர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் அளவுகளை வகுத்துள்ளது. அதன்படி, ஒரு லிட்டர் நீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்கு மேற்படுதல் கூடாது. கரைந்த உப்புகளின் மொத்த அளவு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் விரும்பத் தக்கது. வேறு வழியில்லையேல் 2,000 வரை ஏற்கலாம். மலக்குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிர் 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றேனும் காணப்படுதல் ஆகாது. புளோரைடு, கரைந்த உப்புகள் ஆகியவற்றின் அளவுகளில் சிறிது விட்டுக்கொடுத்த விதியாளர், இதில் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்நுண்ணுயிர் நீரில் உளதாயின், மலம் நீரிற் கலந்தது என்பது உறுதியாகின்றது.

ஊர் செய்யத் தக்கன

பொதுநீரைக் காத்தல் ஊராட்சி, பேரூராட்சி மன்றங்களின் கடமை. அதில் முதன்மையானது குளோரின் கலத்தல். 1908-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் செர்சி நகரத்தில் ஊர் முழுமைக்கும் செல்லும் நீரில் இடையறாது குளோரின் கலக்கும் முறை தொடங்கியது. பின்னர் உலகெங்கும் அது பரவியது. சிற்றூர்களில் வெளுப்புத்தூள் என்னும் பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்துவர். 1,000 லிட்டர் நீருக்கு நல்ல வெளுப்புத்தூள் ஏறத்தாழ 2.5 கிராம் போதும். அதனை ஒரு வாளி நீரிற் குழைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் மேலேயுள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை விட்டுவைத்தல் வேண்டும்.

வெளுப்புத்தூள் காற்றும் வெயிலும் பட்டால் வலுவிழக்கும். வாய்திறந்த மூட்டையில் நெடுநாள் கிடந்த தூளைத் தொட்டியில் இடுவதால் பயன் இல்லை. பணி முடிந்தது என்னும் பொய்ம்மன நிறைவே எஞ்சும். ஆதலின் தெருவின் கடைக்கோடி வீட்டுக் குழாய் நீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்கின்றதா என்று ஆய்ந்து பார்த்தல் வேண்டும். மருந்துத்துளி இட்டு நீரின் நிறமாற்றத்தைக் கொண்டு இதனை அறியும் எளிய கருவி உண்டு. குழாய் நீரில் மெல்லிய மருந்து மணம் வீசுகின்றது என்று முகஞ்சுளிப்போர், அம்மணமே நீரின் காவலன் என்பதை அறிதல் நலம்.

மேல்நிலைத் தொட்டியைக் காலமுறைப்படி கழுவுதல், அதன் மூடியைப் பூட்டி வைத்தல், உடைந்த குழாயை உடனே செப்பனிடுதல், கிணற்றையும் குழாயையும் விட்டுச் சாக்கடையை விலக்கி அமைத்தல் ஆகியவையும் ஊரார் கேட்டுப் பெற வேண்டியவை. நீரை ஆய்வதற்கு 1971-ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஆய்வகங்களை நடத்துகின்றது. கிணற்று நீரை முறைப்படி எடுத்துக் கொடுத்து, அதன் தன்மையை எழுத்திற் பெறலாம். ஊர்க் கூட்டத்தில் சாலையும் விளக்கும் கேட்போர், நீராய்வின் முடிவையும் கேட்டல் வேண்டும்.

இல்லம் செய்யத் தக்கன

ஊர் எத்துணை முயன்றாலும், குடத்துக்கு வந்தபின் நீரைக் காக்க வேண்டியவர் இல்லத்தாரே. குழாயடியில் தூயதாக இருந்த நீர், வீட்டிற்குள் மாசுபடுதல் பல இடங்களிற் காணப்படுகின்றது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கை. கழிப்பிடம் சென்று வந்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குடத்தினுள் செம்பை விட்டு முகக்கும்போது, விரல்நுனி நீரில் தோய்கின்றது. அவ்வொரு நொடியில் ஊராரின் உழைப்பு முழுதும் வீணாகின்றது. நீண்ட காம்புடைய அகப்பையால் முகத்தலும், அடியிற் குழாய் பொருத்திய பானையினின்று பிடித்தலும் இத்தீங்கைத் தவிர்க்கும்.

மழைக்காலத்தில் வரும் புதுநீரையும், ஐயத்துக்குரிய கிணற்று நீரையும் காய்ச்சிப் பருகுதல் சாலச் சிறந்தது. முதலில் தூய வெள்ளைத் துணியை மடித்து வடித்தல் வேண்டும். பின் அடுப்பிலேற்றி, நீர் குமிழியிட்டுக் கொதித்தபின் மேலும் ஒரு நிமிடமேனும் கொதிக்க விடுதல் வேண்டும். வெதுவெதுப்பாக்கி இறக்குதல் காய்ச்சுதல் ஆகாது. காய்ச்சிய நீரை அதே கலத்தில் மூடி ஆறவைத்தலே முறை. அதனைக் கழுவாத குடத்திற்கு மாற்றினும், ஆறவேண்டிப் பச்சைநீர் சிறிது கலப்பினும், எரித்த விறகு வீணே.

குடத்தையும் பானையையும் நாள்தோறும் உள்ளே தேய்த்துக் கழுவுதல் நம் பாட்டிமார் வழக்கம். குடத்தின் உட்புறம் வழுவழுப்பாயின் அங்கே நுண்ணுயிர் குடியேறியது என்று பொருள். செம்புக் கலத்தில் நீரை இரவு முழுதும் வைத்தால் கிருமிகள் குறைகின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். எனினும், களிம்பேறாது துலக்கிய கலமாயின் மட்டுமே அது நன்று. இக்காலத்து மின்வடிகட்டிகள் பயனுடையனவே. ஆனால் உள்ளிருக்கும் வடிப்பான்களை உரிய காலத்தில் மாற்றாவிடில், வடிகட்டியே அழுக்கின் இருப்பிடமாகிவிடும்.

நீரும் வீட்டுப் பாதுகாப்பும்

உயிர் காக்கும் நீர், காவல் தவறினால் உயிர் கொள்ளும் இடமாகவும் மாறும். வீட்டு முற்றத்தில் தரைக்குள் அமைந்த நீர்த்தொட்டி, மூடி இல்லாதிருப்பின் தவழும் குழந்தைக்கு அது பாழ்ங்கிணறே. தளர்நடைக் குழந்தை தலைகீழாக விழுந்தால் வாளி நீரே உயிரைப் போக்கப் போதும். ஆதலால் தொட்டிக்குக் குழந்தையால் தூக்கவியலாத கனத்த மூடி வேண்டும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டியிலும் பாழ்ங்கிணற்றிலும் கழிவுத்தொட்டியிலும் நச்சுக்காற்று தேங்கியிருக்கும். உள்ளே மயங்கி வீழ்ந்தவரை மீட்க அடுத்தவர் இறங்கி, அவரும் மாண்ட செய்திகள் பல. உரிய கருவியும் பயிற்சியும் உடையோரை அழைத்தலன்றி, எவரும் அங்கே இறங்குதல் கூடாது.

தேங்கிய நன்னீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசுக் கொசு முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாதற்கு ஏழு முதல் பத்து நாள்களே ஆகும். அம்முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினும் பல திங்கள் உயிரோடிருக்கும். ஆகவே, கிழமைக்கொரு முறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரை நாரினால் தேய்த்தும் கழுவுதல் வேண்டும்.

வேளாண்மை செய்யும் வீடுகளில் வேறோர் இடரும் உண்டு. பூச்சிமருந்து வந்த கலம் பளபளப்பாக இருத்தலின், அதனைக் கழுவி நீர்மொண்டு வைப்போர் உளர். எத்தனை முறை கழுவினும் அக்கலம் உண்ணும் நீருக்கு ஆகாது; அதனைத் துளையிட்டு ஒழித்தலே தக்கது. மண்ணெண்ணெயையும் கழிப்பறை கழுவும் நீர்மத்தையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைத்தல் கொடிய பிழை. மண்ணெண்ணெய் நீரைப் போலவே தோன்றும். தாகத்தோடு ஓடிவந்த குழந்தை அதனை எடுத்துப் பருகிவிடும். அந்நிலையில் வாந்தி எடுக்கச் செய்தல் ஆகாது. அது நுரையீரலுள் புகுந்து கேட்டைப் பெருக்கும். உடனே 108 என்னும் எண்ணுக்குப் பேசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

கொதிநீர்ப் பானையைத் தரையில் வைத்தலும், நீரிறைக்கும் மின்பொறியை ஈரக்கையால் தொடுதலும் தவிர்க்கத் தக்கவை. நீரில் இடும் மின்சூடேற்றி இயங்கும்போது நீரைத் தொட்டுச் சூடு பார்த்தல் உயிருக்கு உலை வைக்கும். மின்னிணைப்பை நீக்கிய பின்னரே நீரைத் தொடுதல் வேண்டும். நீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் எர்த்து இணைப்பும் மின்கசிவைத் தடுக்கும் கருவியும் இருத்தல் இன்றியமையாதது.

நோய் வந்தபின்

இத்தனை காவலும் கடந்து வயிற்றுப்போக்கு வந்துவிடின் செய்யத் தக்கது யாது? வயிற்றுப்போக்கால் உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோரை மாய்ப்பது உடலின் நீரும் உப்பும் வற்றுதலே. இந்நிலைக்கு எளிய மருந்து உண்டு என்பதை 1971-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று மெய்ப்பித்தது.

அவ்வாண்டு வங்கதேச விடுதலைப் போரினால் ஏதிலிகளாகி மேற்கு வங்கத்தின் பன்காவ் என்னும் ஊருக்கு வந்த மக்களிடையே காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிட்டது. திலீப் மகலனபிசு என்னும் மருத்துவர் சர்க்கரையையும் உப்புகளையும் அளவோடு கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே குறைந்தது. அம்மருந்தே இன்று ஆரம்ப நலவாழ்வு நிலையங்களில் சிறு பொட்டலங்களாகக் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல்.

பொட்டலம் கிடையாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு. தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது. குழந்தை சோர்ந்து விழினும், கண் குழிவிழினும், சிறுநீர் குறையினும், மலத்தில் குருதி காணினும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். நீரால் வந்த நோய்க்கு அளவறிந்து கலந்த நீரே மருந்தாதல் வியப்புக்குரியது.

நீரின் மீது ஓர் ஊரார் கொண்ட அன்பு போற்றத் தக்கதே. அவ்வன்பு புகழ்ச்சியோடு நின்றுவிடாமல், ஆய்ந்தறியும் அறிவாகவும் நாள்தோறும் காக்கும் பழக்கமாகவும் வளர்தல் வேண்டும். மலையடிவாரத்து ஊர்கள் நீரின் தலைவாயிலில் இருப்பவை. அங்கே மாசுபட்ட நீர், கீழே உள்ள ஊர்களின் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் செல்கின்றது. தன் வீட்டுக் குடத்தை மூடுபவர் தம் மக்களைக் காக்கின்றார். தன் ஊர்க் கண்மாயைக் காப்பவர், தாம் முகமறியாத குழந்தைகளையும் காக்கின்றார்.

பயிற்சி

1. ஊருணி என்னும் பெயர்க்குரிய பொருள் யாது? முன்னோர் நீர்நிலைகளைப் பிரித்து வைத்தமையின் பயனைக் கூறுக.

2. பிராடு தெரு நிகழ்ச்சியில் மூதாட்டியின் சாவும் மதுவடிக்கும் சாலையாரின் பிழைப்பும் எவ்வுண்மையை நிறுவின?

3. காய்ச்சுவதால் நீங்கும் குறைகள் யாவை? நீங்காதவை யாவை? காரணம் காட்டுக.

4. குடிநீர் அளவுகளுள் ஈ. கோலை பற்றிய விதியில் விட்டுக்கொடுத்தல் இல்லாமைக்குக் காரணம் என்ன?

5. கீழ்வரும் சொற்களை வேறுபாடு விளங்கச் சொற்றொடரில் அமைக்க: தெளிவு – தூய்மை, காய்ச்சுதல் – வெதுப்புதல், ஊருணி – கண்மாய்.

6. பிரித்தெழுதுக: மலையடிவாரம், கண்ணிற்பட்டன, தேக்கரண்டி.

7. உங்கள் வீட்டில் குழாயடி முதல் குவளை வரை நீர் செல்லும் வழியை எழுதி, ஒவ்வோர் இடத்திலும் நேரக்கூடிய மாசையும் அதனைத் தடுக்கும் முறையையும் ஒரு பக்க அளவிற் கட்டுரையாக வரைக.